இரண்டு பிடிகள், ஓர் எஞ்சின்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கையடக்கமானது. பிஸ்டன் எஞ்சின் பொருத்திய சிறு விமானத்தில், விமானியின் கைக்கு எட்டும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிடிகள் இருக்கும். கறுப்புக் குமிழ் வைத்தது த்ராட்டில். நீலக் குமிழ் வைத்தது ப்ரொப்பெல்லர் பிடி. அவற்றுக்கு அடுத்துச் சிவப்புக் குமிழோடு மிக்ஸ்சர் பிடியும் உண்டு. எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு அதன் பொறுப்பு. இன்றைய பேச்சு முதல் இரண்டைப் பற்றித்தான். அவற்றை எப்படிக் கையாள்வது? எந்த வரிசையில் நகர்த்துவது? எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் அந்த வரிசை?

ஜொகூர் மாநிலத்து லாபிஸில் விமானத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. 1964 செப்டம்பர் 2, விடிவதற்கு முந்தைய இருட்டில், இந்தோனேசியப் பாராசூட் வீரர்களை ஏற்றி வந்த ஹெர்குலிஸ் விமானங்கள் இந்த வட்டாரத்துக்கு மேலேதான் பறந்தன. இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்த கொன்ஃப்ரொந்தாசி காலத்து வரலாற்றில் லாபிஸ் என்ற பெயர் அழியாமல் பதிந்தது அந்த இரவில். அந்த ஹெர்குலிஸ் டர்பைன் எஞ்சின் விமானம். நம் பொருளுக்குச் சற்றே தள்ளி நிற்கிறது. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், 1958இல், மலாயாவின் விமானப் படை பிறந்தபோது அதற்குக் கிடைத்த முதல் விமானம் எது தெரியுமா? இரட்டை எஞ்சின் ட்வின் பயனியர். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயரிட்டார். அதில் இருந்தவை இரண்டு ஆல்விஸ் லியோனைட்ஸ் எஞ்சின்கள். இரண்டுமே பிஸ்டன் எஞ்சின்கள். இந்த நாட்டின் விமானப் படை நடை பழகியது பிஸ்டன் எஞ்சின் மேல்தான்.

நண்பர்களே, முதலில் ஒரு கேள்வி. எஞ்சின் இருக்கிறது, ப்ரொப்பெல்லர் இருக்கிறது. ஒரு பிடி போதாதா? இரண்டாவது பிடி எதற்கு?

ஒரு காலத்தில் ஒன்றுதான் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராசுக்கு அதைக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். அவர்கள் ஓட்டிய புஸ் மோத் விமானத்தின் ப்ரொப்பெல்லர் தகடுகள் ஒரே கோணத்தில் செதுக்கி நிறுத்தப்பட்டவை. த்ராட்டிலைத் தள்ளினால் சுற்று கூடும், இழுத்தால் குறையும். கதை முடிந்தது.

ஆனால் அந்த ஒரே கோணம் எந்தக் கோணம்? அங்கேதான் சிக்கல். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறும்போது தாழ்ந்த கியர் வேண்டும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் உயர்ந்த கியர் வேண்டும். ஒரே கியரோடு லோரியை விற்றால் யாராவது வாங்குவார்களா? ப்ரொப்பெல்லர் தகடும் அப்படித்தான். தட்டையான கோணம் ஏறுவதற்கு நல்லது. சாய்ந்த கோணம் விரைந்து பறப்பதற்கு நல்லது. ஒரே கோணத்தில் நிறுத்திவிட்டால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

1934இல் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு ஒரு விமானப் பந்தயம் நடந்தது. பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின் வழியாகப் பறக்க வேண்டும். வென்றது சிவப்பு நிற டி ஹாவிலண்ட் கோமெட். ஓட்டியவர்கள் ஸ்காட், கேம்பல் பிளாக் இருவரும். ஏறத்தாழ 71 மணி நேரத்தில் மெல்பர்ன் போய்ச் சேர்ந்தார்கள். அந்த விமானத்தின் ப்ரொப்பெல்லருக்கு இரண்டே கோணம். புறப்படும் முன் சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தகடுகளைத் தட்டையான கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆமாம், சைக்கிள் பம்ப்தான்! விமானம் மேலே போய் வேகம் பிடித்ததும், மூக்கில் இருக்கும் வட்டத்தகட்டைக் காற்று அழுத்தும், உள்ளே அடைத்த காற்று வெளியேறும், தகடுகள் சாய்ந்த கோணத்துக்குப் போய்விடும். திரும்பி வர வேண்டுமானால் தரையிறங்கி மறுபடி பம்ப் அடிக்க வேண்டும். சிங்கப்பூரில் இறங்கும்போது ஓடுபாதையைத் தவறவிட்டு மீண்டும் எழும்ப நேர்ந்திருந்தால், எழுவதற்கு ஏற்ற கோணம் விமானியின் கையில் இல்லை. அப்படிப்பட்ட இயந்திரத்தோடுதான் அந்த இருவரும் பாதி உலகைக் கடந்தார்கள்.

இந்தக் குறைக்கு விடையாக வந்ததுதான் கவர்னர். அமெரிக்காவில் ஃபிராங்க் கால்ட்வெல் போன்ற பொறியாளர்கள் ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தில் உருவாக்கிய வழி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்தால் மற்றவை எல்லாம் தானே வரும்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சிறு பெட்டி ஒன்று. அதற்குள் இரண்டு சிறு எடைகள். அவற்றை அழுத்திக்கொண்டு ஒரு சுருள்வில். சுற்று கூடினால் எடைகள் வெளிப்பக்கம் விரியும். குறைந்தால் வில் அவற்றை உள்ளே தள்ளும். எடைகளின் அசைவு ஒரு வால்வைத் திறக்கும், மூடும். அந்த வால்வு வழியே எஞ்சின் எண்ணெய் ப்ரொப்பெல்லரின் நடுக்குடத்துக்குப் போகும், திரும்பும். எண்ணெயின் அழுத்தம் தகடுகளைத் திருப்பும். விமானம் மூக்கைத் தாழ்த்தி வேகமெடுத்தால் சுற்று கூடப் பார்க்கும்; உடனே தகடு சாய்ந்து அதிகக் காற்றைக் கடிக்கும்; சுற்று பழைய நிலைக்கு வரும். மூக்கைத் தூக்கினால் தகடு தட்டையாகும், சுற்று குறையாது. இவ்வளவும் விமானி தொடாமலே நடக்கும். விமானி நீலப் பிடியை நகர்த்தும்போது அந்தச் சுருள்வில்லின் இறுக்கத்தைத்தான் மாற்றுகிறார். ‘நிமிடத்துக்கு 2,400 சுற்றில் நில்’ என்று கவர்னருக்கு ஆணையிடுகிறார்.

அப்படியானால் த்ராட்டில் என்ன செய்கிறது? எஞ்சினுக்குள் போகும் காற்றின் வழியைத் திறக்கிறது, அடைக்கிறது. அந்தக் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவதுதான் மேனிஃபோல்ட் அழுத்தமானி. பாதரச அங்குலக் கணக்கில் காட்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இந்த மானியைப் பார்த்து முதல் நாளே திகைப்பார்கள். எஞ்சின் அணைந்து கிடக்கிறது. முள்ளோ 29க்கும் 30க்கும் இடையில் நிற்கிறது! எஞ்சினை இயக்கினால் விழுந்துவிடுகிறது! ஏன்? அணைந்திருக்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சுகின்றன, அழுத்தம் இறங்குகிறது. இந்த மானி எஞ்சினின் வலிமையைக் காட்டுவதில்லை. எஞ்சினுக்கு எவ்வளவு காற்று கொடுக்கிறோம் என்பதை மட்டுமே காட்டுகிறது. இதை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உயிர் காக்கும் இடத்தில் இதே செய்தி வரப்போகிறது.

வாருங்கள், செனாயிலிருந்து புறப்படுவோம்! குளுவாங், பாலோ, பெக்கோக் என்று ரயில் பாதையை இடது பக்கம் வலது பக்கம் பார்த்துக்கொண்டே லாபிஸ் வரை பறப்போம். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நல்ல ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அரை மணி நேரப் பயணம்.

ஓடுபாதைக்குள் நுழையும் முன் ஒரு சோதனை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கையேடு சொல்லும் சுற்றுக்கு எஞ்சினைக் கொண்டுவருகிறோம். நீலப் பிடியை மெல்லப் பின்னுக்கு இழுக்கிறோம். காதைத் தீட்டிக் கேளுங்கள்: எஞ்சின் குரல் கனக்கிறது. மூன்று முட்களைப் பாருங்கள்: சுற்று இறங்குகிறது, மேனிஃபோல்ட் அழுத்தம் சற்றே ஏறுகிறது, எண்ணெய் அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. மூன்றும் அசைந்தால் கவர்னர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிடியை முன்னுக்குத் தள்ளிவிட்டு, இன்னும் ஓரிரு முறை அப்படியே செய்கிறோம். ஏன் மறுபடியும்? நடுக்குடத்தில் தேங்கிக் கிடக்கும் குளிர்ந்த எண்ணெயை வெளியேற்றிச் சூடான எண்ணெயை உள்ளே கொண்டுவருவதற்காக. அவசரக்காரர்கள் ஒரே இழுப்போடு முடித்துக்கொள்கிறார்கள். அது சோதனை ஆகாது, சடங்கு.

இனி எழுகிறோம். இரண்டு பிடிகளும் முழுக்க முன்னே. தட்டையான தகடு, முழுச் சுற்று, முழு வலிமை. போதிய உயரம் வந்ததும் வலிமையைக் குறைக்கிறோம். எதை முதலில் இழுப்பது? த்ராட்டிலை முதலில், ப்ரொப்பெல்லரைப் பிறகு. வலிமையைக் கூட்டும்போது? அப்படியே தலைகீழ்: ப்ரொப்பெல்லர் முதலில், த்ராட்டில் பிறகு.

இந்த வரிசையை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால் பலர் வாய் திறப்பதில்லை. சொல்கிறேன், கேளுங்கள். சுற்றைக் குறைத்துவிட்டு உள்ளே காற்றையும் எரிபொருளையும் அள்ளித் திணித்தால் சிலிண்டருக்குள் என்ன ஆகும்? பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. எரியும் கலவைக்கு விலகி இடம் கொடுக்க அதற்கு நேரம் போதவில்லை. அழுத்தமும் சூடும் அளவுக்கு மீறி ஏறுகின்றன. கலவை சீராக எரிவதற்குப் பதில் ஒரே நொடியில் வெடிக்கிறது. அந்த அடி தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும். நெருக்கடியான நேரத்தில், முழு வலிமை தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். தரையிறங்கும் முன் நீலப் பிடியை முழுக்க முன்னே தள்ளி வையுங்கள் என்று ஆசிரியர்கள் கத்துவது இதற்காகவே. ஓடுபாதையில் மாடோ மனிதனோ குறுக்கே வந்தால் த்ராட்டிலை அடித்துத் தள்ளி மேலே எழ வேண்டும். அப்போது ப்ரொப்பெல்லர் பிடி பின்னால் கிடந்தால், எழும் வலிமையும் கிடைக்காது, எஞ்சினும் அடிபடும்.

இந்தப் பயத்திலிருந்துதான் ஒரு வாய்ப்பாடு பிறந்தது. சுற்றை நூறால் வகுத்து வரும் எண்ணைவிட மேனிஃபோல்ட் அழுத்தம் கூடவே கூடாது என்பார்கள். 2,500 சுற்றுக்கு 25 அங்குலம், 2,300க்கு 23, அவ்வளவுதான், அதற்கு மேல் பாவம் என்பது போல. இதை வேதவாக்காகக் கற்பிக்கும் இடங்கள் இன்றும் உண்டு. நான் உறுதியாகச் சொல்கிறேன்: இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் விதி ஆகாது. செஸ்னா 182 விமானத்தின் கையேட்டைத் திறந்து பாருங்கள். 2,200 சுற்றுக்கு 23 அங்குலம் என்று தயாரித்தவர்களே அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டர்போ பொருத்திய எஞ்சின்கள் சில 40 அங்குலத்தில் எழுகின்றன. அவற்றின் சுற்று 4,000 இல்லை! உங்கள் எஞ்சினுக்கு எது எல்லை என்று உங்கள் விமானத்தின் கையேடுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாய்ப்பாட்டை மீறிப் பறந்த ஒருவரைப் பார்க்க 1944ஆம் ஆண்டுக்குப் போவோம். நியூ கினி. அமெரிக்க விமானப் படையின் 475ஆம் போர் விமானக் குழு பி-38 லைட்னிங் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு விருந்தாளி வந்தார். அட்லாண்டிக்கைத் தனியே கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க். குழுவோடு சேர்ந்து பறந்து திரும்பினால், மற்றவர்களின் டாங்கி வறண்டு கிடக்கும்; இவருடையதில் எரிபொருள் தாராளமாக மிஞ்சியிருக்கும். என்ன மாயம்? மாயம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் 2,200, 2,400 சுற்றில் பறந்தார்கள். அவர் 1,600 சுற்றுக்கு இறக்கி, மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கூட்டி, கலவையை மெலிதாக்கிப் பறந்தார். எஞ்சின் நாசமாகிவிடும் என்று விமானிகள் அஞ்சினார்கள். அவர் அது தாங்கும் என்று கணக்கோடு விளக்கினார். சுற்று குறைந்தால் எஞ்சினுக்குள் உராய்வில் வீணாகும் வலிமை குறையும். அதே வேலைக்குக் குறைந்த எரிபொருள் போதும். அந்தக் குழுவின் பறக்கும் எல்லை நூறு மைலுக்கும் மேல் நீண்டது. புது எஞ்சின் இல்லை, புது டாங்கி இல்லை. அதே இரண்டு பிடிகள்; நகர்த்திய கையில்தான் வேறுபாடு.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் டிசி-3 விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு முதல் பயணம் போனது. மூன்று ஊர்களை இணைத்த பாதை அது. அந்த டிசி-3இன் ட்வின் வாஸ்ப் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். இந்த வகை எஞ்சினை ஓட்டியவர்கள் இறங்குமுகத்தில் எதற்கு அஞ்சினார்கள் தெரியுமா? அழுத்தம் மிகுவதற்கு அல்ல; அழுத்தம் மிகக் குறைவதற்கு! த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டு வேகமாக இறங்கினால், எஞ்சின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றுவது போய், காற்று மோதும் ப்ரொப்பெல்லர் எஞ்சினைச் சுழற்றும். உள்ளே பேரிங்குகளின் மேல் சுமை தலைகீழாக விழும். ஆகவே நூறு சுற்றுக்கு ஓர் அங்குலமாவது அழுத்தம் வைத்திரு என்று அவர்கள் கற்றார்கள். பாருங்கள்! அதே எண் கணக்கு. ஒருவர் ‘மேலே போகாதே’ என்கிறார். மற்றவர் ‘கீழே போகாதே’ என்கிறார். காரணம் தெரியாதவன் இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வான்?

இப்போது லாபிஸ் நெருங்கிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த பிற்பகல். கீழே தோட்டங்களிலிருந்து ஆவி எழுகிறது. நம் ஊர்க் காற்றில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரில் பனிக்கட்டி! ஜொகூரில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போது சூடு 20 டிகிரிக்கு மேலேயே இறங்கக்கூடும். ஈரம் நிறைந்த காற்று அங்கே உறைந்து ஒட்டிக்கொள்ளும். நிலையான கோண ப்ரொப்பெல்லர் என்றால் சுற்று குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கேயோ கவர்னர் சுற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்! சுற்றுமானி அசையாது. குரலும் மாறாது. மேனிஃபோல்ட் முள் மட்டும் 23, 22, 21 என்று சத்தமில்லாமல் நழுவும். புரியாத விமானி த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்வார், மறுபடி நழுவும், மறுபடி தள்ளுவார். புரிந்த விமானி கார்புரேட்டர் சூடேற்றியை இழுப்பார். முதலில் அழுத்தம் இன்னும் குறையும், எஞ்சின் கரகரக்கும். பொறுத்திருந்தால் கட்டி உருகி முள் மேலே ஏறும். செனாய்க்கும் சிகாமட்டுக்கும் இடையில் பறப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இரட்டை எஞ்சின் விமானத்துக்கு வருவோம். ஓர் எஞ்சின் நின்றுவிட்டது. எது நின்றது? மானியைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். தெரியாமல் போகலாம்! செத்த எஞ்சினையும் காற்று சுழற்றிக்கொண்டிருக்கும். கவர்னர் தகட்டைத் தட்டையாக்கிச் சுற்றைத் தக்கவைக்கப் பார்க்கும். மேனிஃபோல்ட் முள்ளோ காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும் என்று சற்று முன் சொன்னேன் அல்லவா? த்ராட்டில் திறந்திருக்கும்வரை அது நல்ல எஞ்சினைப் போலவே காட்டும். எனவே விமானிகள் காலை நம்புகிறார்கள். விமானத்தை நேராக வைக்க எந்தக் கால் மிதித்துக்கொண்டிருக்கிறது? எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றது. அதோடு விட்டுவிடுவதில்லை. அந்தப் பக்கத்து த்ராட்டிலை மெல்ல இழுக்கிறார்கள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் உறுதி. அதன்பின்தான் அந்தப் பக்கத்து ப்ரொப்பெல்லர் பிடியைக் கடைசிவரை இழுத்து, தகடுகளைக் காற்றின் போக்குக்கு ஒத்து நிறுத்துகிறார்கள். இல்லாவிட்டால் சும்மா சுழலும் அந்த ப்ரொப்பெல்லரே விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

உறுதி செய்யாமல் இழுத்தால்? 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் டிரான்ஸ்ஏசியா விமானம் ஒன்று பாலத்தை உரசி ஆற்றில் விழுந்தது. 43 பேர் மாண்டார்கள். அது டர்பைன் விமானம். ஆனால் தவறு இதே தவறு. ஓர் எஞ்சின் செயலிழந்தபோது, ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சினின் த்ராட்டிலை விமானி இழுத்துவிட்டார். அனுபவம் உள்ளவர். அவசரத்தில் கை முந்திக்கொண்டது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். உஷா சுந்தரம். 1949இல் பெங்களூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்றவர். 1950களின் தொடக்கத்தில் மதராஸ் அரசு ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானம் வாங்கியது. இரண்டு ஜிப்சி குவீன் பிஸ்டன் எஞ்சின்கள். அதாவது கையாள வேண்டிய பிடிகள் எல்லாம் இரட்டை இரட்டையாக. அதை எடுத்துவர உஷாவும் கணவர் கேப்டன் வி. சுந்தரமும் இங்கிலாந்து போனார்கள். லண்டனிலிருந்து பம்பாய்வரை 27 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சுற்று, எவ்வளவு எரிபொருள் என்று கணக்கிட்டுப் பிடிகளை நகர்த்தாமல் அப்படிப்பட்ட பயணம் முடியுமா? நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள். விமானம் ஓட்டுவது நமக்கு எட்டாத வேலை என்று எந்தத் தாயும் இனிச் சொல்ல வேண்டாம்.

இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பெற்றோரில் சிலர், பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்ப லட்சக்கணக்கான ரிங்கிட் புரட்டும் யோசனையில் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் போகும் நாளில், கட்டடத்தையும் சீருடையையும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அங்குள்ள ஆசிரியரிடம், ‘வலிமையைக் குறைக்கும்போது த்ராட்டிலை ஏன் முதலில் இழுக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். நின்று, பொறுமையாக, காரணத்தோடு விளக்குகிறவரிடம் பிள்ளையை ஒப்படையுங்கள். மாணவர்களே, நீங்கள் போய்ச் சேரும் முதல் வாரமே உங்கள் விமானத்தின் கையேட்டை வாங்கி, எஞ்சின் வலிமை அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள். பராமரிப்புக் கொட்டகைக்குப் போய், கழற்றி வைத்த கவர்னர் ஒன்று இருந்தால் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுவார்கள்.